மோதல் களத்துக் கேமராக்காரருக்குப் பையும் வாரும் கருவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் இரண்டு வகை. கலவரம், போராட்டம், போர் நடக்கும் இடங்களுக்குப் படமெடுக்கப் போகிறவர்கள் ஒரு வகை. துணியும் தையலும் லேத்தும் கைவந்து, அவர்களுக்கு நல்ல சாமான் செய்து தர ஆசைப்படுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு ஆசையும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு. மூவருக்கும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கல்யாணத்துக்கு எடுத்துப் போற கேமரா பையே போதாதுங்களா?

போதாது. கல்யாண மண்டபத்தில் பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் படமெடுக்கலாம். கலவரத்தில் பை எட்டு மணி நேரம் உடம்பிலேயே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும், குனிய வேண்டும், சந்தில் நுழைய வேண்டும், நெரிசலில் நசுங்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் பைகளில் சுற்றிலும் தடித்த ஃபோம் வைத்திருப்பார்கள். அது சாமானைக் காக்கும், ஆனால் பையைப் பெட்டி போல ஆக்கிவிடும். ஓடும்போது பெட்டி இடுப்பை விட்டு விலகி ஆடும். ஒவ்வொரு அடிக்கும் தொடையில் வந்து மோதும். 1970களில் அமெரிக்காவின் பிலடெல்பியா இன்க்வயரர் நாளிதழில் புகைப்படக்காரராக இருந்த ஜிம் டோம்கி இதற்குத்தான் வழி கண்டார். பக்கங்களில் ஃபோமே இல்லாத தடித்த பருத்தி கேன்வாஸ் பையை வடிவமைத்தார். அது இடுப்பின் வளைவுக்குப் பழைய துணிப்பை மாதிரி ஒட்டிக்கொள்ளும். லென்ஸ்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க நடுவில் மட்டும் தடுப்பு. அவர் பெயரிலேயே விற்கும் அந்தப் பை இன்றைக்கும் செய்தியாளர்கள் தோளில் தொங்குகிறது. 2005-இல் தொடங்கிய திங்க் டேங்க் நிறுவனமும் இரண்டு வடிவமைப்பாளர்கள், இரண்டு பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான். அந்த இருவரில் ஒருவரான டியான் ஃபிட்ஸ்மாரிஸ், ஈராக் போரில் காயம்பட்ட சிறுவனைப் பற்றிய படங்களுக்காக அதே ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கியவர். தைக்கிறவரும் சுமக்கிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் நல்ல பை பிறக்கும்.

வேறு இரண்டு விஷயங்களையும் பாருங்கள். மூடியை ஒரே கையால், பார்க்காமல் திறக்க முடிய வேண்டும். திறக்கும்போது சத்தம் வரக் கூடாது. வெல்க்ரோவைப் பிரிக்கும் "சர்ர்" என்ற சத்தம், இழவு வீட்டிலோ, ஒளிந்து உட்கார்ந்திருக்கும் இடத்திலோ எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்துவிடும்.

ஒரு பைக்கு என்ன அளவு, எவ்வளவு துணி?

களத்துக்குக் கொண்டுபோகும் இரண்டு கேமரா உடல்களில் (லென்ஸ் நீங்கலான பாகம்) ஒன்று எப்போதும் கையில் இருக்கும். ஆகவே பையில் ஒரு உடல், இரண்டு லென்ஸ், நான்கு பேட்டரி, அரை லிட்டர் தண்ணீர், முதலுதவி ஆகியவை அடங்கினால் போதும். உள்ளளவு 34 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம், 14 செ.மீ. ஆழம். இதைவிடப் பெரிதாகத் தைத்தால் நிரப்பத்தான் தோன்றும்.

முன்புறம், அடி, பின்புறம் மூன்றையும் ஒரே துண்டாக வெட்டுங்கள்: 34 × 54 செ.மீ., அதோடு சுற்றிலும் 12 மி.மீ. தையல் விடுப்பு. அடியில் தையலே வராது. பை கிழியத் தொடங்கும் முதல் இடம் அதுதான் என்பதால் இது முக்கியம். பக்கத் துண்டுகள் 14 × 20 இரண்டு. மூடி 36 × 30. பக்கவாட்டில் 1 செ.மீ. வழிந்து இறங்கினால் மழை உள்ளே போகாது. 150 செ.மீ. அகலத் துணியில் வெளிப்பக்கத்துக்கும் பாக்கெட்டுகளுக்கும் சேர்த்து முக்கால் மீட்டர் போதும். லைனிங் இன்னொரு அரை மீட்டர். வாருக்கு 38 மி.மீ. நாடா இரண்டரை மீட்டர். வாரைப் பக்கங்களில் தொங்கவிட்டுத் தைக்காதீர்கள். அடியைச் சுற்றி ஒரே நீளமாக ஓட்டுங்கள். அப்போது எடை முழுதையும் நாடா தாங்கும், துணி தாங்காது.

காலிப் பை 900 கிராமைத் தாண்டினால் எதையாவது கழற்றுங்கள். பீங்கான் தகடு வைத்த, குண்டு துளைக்காத ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் சேர்ந்தாலே 10 கிலோவைத் தொட்டுவிடும். அதற்குமேல் ஒவ்வொரு நூறு கிராமும் மாலையில் முழங்காலில் தெரியும்.

எந்தத் துணி நல்லது? கேன்வாஸா, நைலானா?

இரண்டுக்கும் இடம் உண்டு.

பருத்தி கேன்வாஸ் என்றால் 18 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 610 கிராம். உடம்புக்கு வளைந்து கொடுக்கும், உரசினால் சத்தம் வராது, தீப்பொறி பட்டால் ஓட்டை விழுமே தவிர உருகி ஒட்டாது. டயர் எரியும் தெருவில் அது பெரிய விஷயம். குறை என்னவென்றால் நனைந்தால் கனக்கும், காய நாளாகும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கரும்புள்ளி விழும். வெட்டுவதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காயவைத்துச் சுருக்கத்தை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையில் துணி சுருங்கும், நாடா சுருங்காது; பை கோணிக்கொள்ளும். திருப்பூர்க்காரர்களுக்குச் சுருக்கத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, ஆனாலும் சாம்பிள் அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நைலான் என்றால் 1000 டெனியர் (இழைத் தடிமனின் அளவு) கோர்டுரா ரகம், உட்பக்கம் பாலியூரித்தேன் பூச்சோடு. உரசலைத் தாங்குவதில் கேன்வாஸை மிஞ்சும், எடையும் குறைவு. பக்கங்களுக்கு 500 டெனியரே போதும். 1000 டெனியரை அடிக்கும் உடம்பில் உரசும் பின்பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பல வருடம் கிடந்தால் நைலானைவிடப் பாலியஸ்டர் நிறமும் பலமும் காக்கும். ஆனால் தேய்மானத்தில் நைலானே முன்னால் நிற்கும்.

லைனிங் வெளிர் நிறத்தில் இருக்கட்டும்: மஞ்சளோ வெளிர் சாம்பலோ. கருப்பு லைனிங்கில் விழுந்த கருப்பு மெமரி கார்டை இரவில் கண்டுபிடிக்க முடியாது. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டும்போது உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தால், துப்பாக்கியோடு நிற்கிறவரின் கை கொஞ்சம் தளரும். ரகசிய அறை வைத்துத் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். வைக்காதீர்கள். சாவடியில் அது கண்டுபிடிக்கப்பட்டால் பையின் சொந்தக்காரர் செய்தியாளர் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

மார்க்கெட்டில் வாங்கின நாடா நைலான்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். வாளித் தண்ணீரில் முழுக்கி, காற்றுக் குமிழி போகும்வரை விரலால் பிசைந்துவிட்டுக் கையை எடுங்கள். மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன். அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும்.

பாலிபுரொப்பிலீன் நாடா விலை குறைவு, கடையில் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் வழுக்கும்; எடை ஏறினால் கொக்கிக்குள் மெதுவாக நழுவிக்கொண்டே வரும். காலையில் இடுப்பில் இருந்த பை மத்தியானம் தொடைக்கு இறங்கியிருக்கும். வெயிலிலும் சீக்கிரம் நைந்துபோகும். காய்கறிப் பைக்கு அது போதும், இதற்கு வேண்டாம்.

எங்க கம்பெனி பவர் டேபிளில் இதைத் தைக்க முடியுங்களா?

லைனிங், உள்பை, மெல்லிய இடங்களைத் தைக்கலாம். நாடா சேரும் இடத்தைத் தைக்க முடியாது.

பனியன் துணிக்கான பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மெஷினில், கீழ்ப்பல் மட்டும் துணியை இழுக்கும். நான்கடுக்கு கேன்வாஸும் நாடாவும் சேர்ந்தால் கீழடுக்கு நகரும், மேலடுக்கு பின்தங்கும். தையல் முடியும்போது ஓரங்கள் ஒரு செ.மீ. விலகி நிற்கும். ஊசி சூடேறி நூலை அறுக்கும், இல்லை தையல் விடும். இதற்கு மேலும் கீழும் சேர்ந்து இழுக்கும் வாக்கிங் ஃபுட் மெஷின் வேண்டும். தோல், ரெக்சின், சீட் கவர் தைக்கும் பட்டறைகளில் இருப்பது அதுதான். கரூரில் பஸ் பாடி கட்டும் தொழில் இருப்பதால் சீட் தைத்துப் பழகிய கைகள் அங்கே உண்டு. துணியைத் திருப்பூரில் வெட்டி, கனத் தையலுக்கு மட்டும் இப்படிப்பட்ட பட்டறையில் ஜாப் ஒர்க் கொடுக்கலாம்.

நூல்: பாண்டட் நைலான் (புரி பிரியாமல் ஒட்டிய நூல்), டெக்ஸ் 70. டெக்ஸ் என்பது நூலின் தடிமன் அளவு. நாடா இணைப்புக்கு டெக்ஸ் 90. பருத்தி நூல் கூடவே கூடாது, வியர்வையில் மக்கிவிடும். டெக்ஸ் 70-க்கு 18-ஆம் நம்பர் ஊசி (110), டெக்ஸ் 90-க்கு 19 அல்லது 20. தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ.; அங்குலத்துக்கு ஏழோ எட்டோ வரும்.

"நெருக்கமாகத் தைத்தால் பலம் கூடும்" என்ற நினைப்பால்தான் நிறைய பைகள் கெடுகின்றன. வார் பிய்ந்த ஒரு பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல் அப்படியே இருக்கும். துணியில் ஊசித் துளைகள் முட்டை வடிவில் இழுபட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகக் கிழிந்திருக்கும். துளைக்கும் துளைக்கும் நடுவே துணி மிஞ்சவில்லை, அதுதான் காரணம். எடை தாங்கும் இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையுங்கள், 38 மி.மீ. நாடாவுக்கு 38 மி.மீ. நீளச் சதுரம். நுனிகளில் 42 தையல் பார்டேக், அதாவது ஒரே இடத்தில் அடர்த்தியாகப் போடும் பூட்டுத் தையல். அந்த இடத்தில் துணியின் உட்பக்கம் இன்னொரு நாடாத் துண்டை வைத்து அதோடு சேர்த்துத் தைத்தால், இழுப்பு துணியில் விழாமல் நாடாவில் விழும். நாடா வெட்டிய ஓரத்தைச் சூட்டுக் கத்தியால் உருக்கி மூட மறக்காதீர்கள்.

ஜிப்பும் கொக்கியும்?

பெரிய வாய்க்கு 10-ஆம் நம்பர் நைலான் காயில் (சுருள் பல்) ஜிப், சிறு அறைகளுக்கு 5. மணலில் உலோகப் பல் ஜிப் சிக்கிக்கொள்ளும். ஒரு பல் வளைந்தாலே ஜிப் போய்விடும். காயில் பிரிந்தாலும் ரன்னரைப் பின்னுக்கு இழுத்துத் திரும்ப ஓட்டினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். ஜிப் மூடாமல் பிளக்கிறது என்றால் பல் தேயவில்லை, ரன்னரின் வாய் விரிந்திருக்கிறது. குறடால் இரண்டு பக்கமும் சமமாக, மெல்ல, ஒரு மயிரிழை அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும். பிறகு ரன்னரை மட்டும் மாற்றுங்கள்.

மூடிக்கு டாக் ஹூக்கும் (நாய்ச் சங்கிலிக் கொக்கி) டி ரிங்கும் நல்லது. இரண்டும் உலோகம் என்பதால் நடக்கும்போது கலகலக்கும். வளையத்தின் மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கி இறுகுவது) ஏற்றிவிட்டால் சத்தம் அடங்கும்.

கேமரா அடியில் போடும் பிளேட்டைக் கோவை லேத்தில் அடிக்கலாமா?

அருமையாக அடிக்கலாம். ஆவாரம்பாளையம், கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் பம்ப்பும் கிரைண்டரும் செய்து பழகிய பட்டறைகளுக்கு இது சின்ன வேலை. தப்பு நடப்பது மூன்று இடங்களில்.

முதலாவது மரை. கேமரா அடியில் இருப்பது 1/4 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, 60 டிகிரி கோணம் கொண்ட யு.என்.சி. என்ற அமெரிக்க மரை ரகம். நம் ஹார்ட்வேர் கடைகளில் கால் இன்ச் போல்ட் கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் ரகம். அதிலும் அங்குலத்துக்கு 20 மரைதான், ஆனால் கோணம் 55 டிகிரி. ஏறிவிடும், இறுகவும் இறுகும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். நாலைந்து முறை கழற்றி மாட்டினால் கேமராவின் மரையைத் தின்றுவிடும். டை வாங்கும்போதே யு.என்.சி. என்று சொல்லி வாங்குங்கள்.

இரண்டாவது திருகின் நீளம். பிளேட்டுக்கு மேலே 5.5 மி.மீ.க்குக் குறைவாகத்தான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூடினால் கேமராவின் உள்ளே இருப்பதைக் குத்தும். 4.5 மி.மீ. பத்திரமான அளவு.

மூன்றாவது உலோகம். 6061-டி6 ரக அலுமினியத்தில் கடைந்து ஹார்ட் அனோடைஸ் (மேலே கடினப் படலம் ஏற்றுவது) செய்யுங்கள். திருகு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பட்டறையில் மிஞ்சிய வார்ப்பு அலுமினியத்தில் செய்தால் உள்ளே நுண்துளைகள் இருக்கும். மூலையில் அடிபட்டால் பொட்டென்று உடையும். ஓரங்கள் எல்லாவற்றையும் அரை மி.மீ. மழுக்குங்கள். கூர் ஓரம் உள்ளங்கையை அறுக்கும், லைனிங்கையும் அறுக்கும். பித்தளையில் செய்தால் பார்க்க அழகு, தேயத் தேயப் பொன்னிறம் வரும். எடை அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு என்பதால் சின்ன திருகுகளோடும் பொத்தான்களோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாமா?

கூட்டத்தில் வேண்டாம். யாராவது வாரைப் பிடித்து இழுத்தால் கழுத்து இறுகும். தோளிலிருந்து குறுக்காகப் போட்டாலும் அதே ஆபத்து கொஞ்சம் குறைவாக உண்டு. முதல் கேமராவை மணிக்கட்டு வாரில் கையோடு வையுங்கள். இரண்டாவதை ஒரே தோளில், வேண்டும்போது உருவிவிடக்கூடிய மாதிரி தொங்கவிடுங்கள். கேமராவின் கண்ணியில் உலோக வளையம் உரசி உரசித் தேயும். டைனீமா என்ற பலமான செயற்கை இழைக் கயிற்றில் சுருக்கு போட்டால் சத்தமும் இல்லை, தேய்மானமும் கண்ணுக்குத் தெரியும். பிசிறு கண்ட அன்றே மாற்றிவிடுங்கள்.

எந்த நிறத்தில் தைக்கணுங்க? மிலிட்டரி பச்சை அழகா இருக்குதே?

அந்தப் பச்சையும், மணல் நிறமும், புள்ளி போட்ட ராணுவத் துணியும் வேண்டவே வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் போராளியாகத் தெரிவீர்கள். சில நாடுகளில் பொதுமக்கள் ராணுவப் புள்ளித்துணி அணிவதே குற்றம். பக்கவாட்டில் வரிசையாக நாடா ஓட்டும் ராணுவப் பாணியையும் விட்டுவிடுங்கள். அடர் நீலம், சாம்பல், மங்கிய பழுப்பு போதும்.

"பிரஸ்" என்ற பட்டையை நீலத்தில் வெள்ளை எழுத்தாகத் தைத்து, வெல்க்ரோவில் ஒட்டிக் கழற்றும்படி வையுங்கள். சில இடங்களில் அந்த எழுத்து காப்பாற்றும். சில இடங்களில் அதைத் தேடித்தான் அடிக்கிறார்கள். எங்கே எது என்பதை உள்ளூர்ச் செய்தியாளர் சொல்வார். ஒட்டும் இடமும் பட்டையும் ஒரே நிறத்தில் இருந்தால், கழற்றிய பிறகு அங்கே ஏதோ இருந்தது என்று தெரியாது. வெல்க்ரோ நியாயமாக வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

லென்ஸ் நீளமும் ஒரு வடிவமைப்பு விஷயமா?

உயிர் விஷயம். 2003 ஆகஸ்ட் 17 அன்று பாக்தாத் அருகே அபு கிரைப் சிறைக்கு வெளியே ராய்ட்டர்ஸ் ஒளிப்பதிவாளர் மாசென் டானா அமெரிக்கப் படைவீரரால் சுடப்பட்டு இறந்தார். கையிலிருந்த கேமரா ராக்கெட் ஏவியாகத் தெரிந்தது என்றார்கள். 2007 ஜூலை 12 அன்று பாக்தாத் தெருவில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் நமீர் நூர்-எல்டீன், தெருமுனையிலிருந்து நீண்ட லென்ஸை நீட்டிப் பார்த்தபோது அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் அதையும் ஆயுதமாகவே எடுத்துக்கொண்டார்கள். அவரும் உடனிருந்த சயீத் சமாக்கும் கொல்லப்பட்டார்கள்.

ஆகவே லென்ஸ் ஹூடை (லென்ஸ் முனையில் மாட்டும் நிழல் வளையம்) பின்னோக்கித் திருப்பி மாட்டி வையுங்கள். நீண்ட லென்ஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்காதீர்கள். முனையிலிருந்து எட்டிப் பார்க்கும்போது முதலில் உங்கள் முகமும் வெறுங்கையும் தெரியட்டும். 24–70 மி.மீ. லென்ஸ் ஒன்றும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றும் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். கிட்டே போய் எடுக்கிறவருக்கு எதிரில் இருப்பவரின் முகம் தெரியும், அவருக்கும் உங்கள் முகம் தெரியும்.

குண்டு துளைக்காத ஜாக்கெட்டை நாமே தைத்துக்கொள்ளலாமா?

மேலுறையைத் தைக்கலாம். உள்ளே வைக்கும் தடுப்புப் பொருளை ஒருபோதும் நீங்களாகச் செய்யாதீர்கள். கெவ்லார் என்ற பலமான செயற்கை இழைத் துணியை அடுக்கித் தைத்தால் ஆயிற்று என்று நினைப்பது கொலைக்குச் சமம். அடுக்கு எண்ணிக்கை, நெசவு, ஈரம், ஓரம் எல்லாமே சோதனைக்கூடத்தில் சுட்டுப் பார்த்து முடிவானவை. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 17051, 2018-இல் வந்தது. அமெரிக்காவின் என்.ஐ.ஜே. (தேசிய நீதி நிறுவனம்) தரத்தின் பழைய வரிசையில் 3ஏ என்றால் கைத்துப்பாக்கிக்கு மட்டும். ரைபிள் குண்டுக்கு 3, 4 நிலைத் தகடுகள் வேண்டும். பீங்கான் தகட்டைக் கீழே போட்டால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடும்.

தகட்டின் மேல் ஓரம் இரண்டு காறையெலும்பும் சேரும் பள்ளத்துக்கு நேராக வர வேண்டும். பெரும்பாலானவர்கள் நாலு விரல் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். இதயத்தின் மேல்பாதி வெளியே நிற்கிறது. மேலுறை தைக்கிறவர் தோள்வாரைச் சுருக்க வசதி வைத்தால் இந்தத் தப்பு குறையும்.

பல நாடுகளில் இவை ராணுவப் பொருள். கொண்டு போக அனுமதி வேண்டும், இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துப்போகவும் கட்டுப்பாடு உண்டு. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் இரவல் தருகிறது. அதைக் கேட்டுப் பாருங்கள்.

பிரிட்டிஷ் புகைப்படக்காரர் டான் மெக்கலினின் நிக்கான் எஃப் கேமராவில் குண்டு பாய்ந்தும் அவர் பிழைத்ததைச் சொல்லி, உலோகக் கேமராவே கவசம் என்பார்கள். அது அவருக்கு நேர்ந்த அதிர்ஷ்டம். அதை நம்பிக் கேமரா வாங்காதீர்கள்.

உள்ளே என்ன உடுத்துவது?

முழுப் பருத்தி பனியன். பாலியஸ்டர் விளையாட்டு பனியன் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். திருப்பூரில் இருந்துகொண்டு இதில் தவறக் கூடாது.

கையில் பணம் கொஞ்சம்தான். முதல்ல எதுக்குங்க செலவு பண்றது?

பயிற்சிக்கு. பிறகு டூர்னிகெட்டுக்கு (கை, கால் காயத்தில் ரத்தத்தை நிறுத்த முறுக்கிக் கட்டும் பட்டை). பிறகு நல்ல பூட்ஸ். ஜாக்கெட் போகும் இடத்தைப் பொறுத்தது. பை கடைசி. பை தைக்கிற எங்களுக்கே இதுதான் கருத்து.

2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் டிம் ஹெதரிங்டன், கிறிஸ் ஹோண்ட்ரோஸ் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் குண்டுவீச்சில் இறந்தார்கள். ஹெதரிங்டன் தொடையில் பட்ட காயத்திலிருந்து ரத்தம் போய் இறந்தார். உடனிருந்தவர்களுக்கு ரத்தத்தை நிறுத்தத் தெரிந்திருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்று உணர்ந்த அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர், சுயேச்சைச் செய்தியாளர்களுக்கு முதலுதவி கற்றுத்தர ரிஸ்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். சுயேச்சையாக வேலை செய்பவர்களின் பயிற்சிக்கு ரோரி பெக் அறக்கட்டளையும் உதவுகிறது.

டூர்னிகெட்டை உறையோடு பைக்குள் புதைக்காதீர்கள். பிளாஸ்டிக்கைக் கிழித்து, பட்டையை ஒரு காலில் போடும் அளவுக்குத் தளர்த்தி, மடித்து, இடது கை வலது கை இரண்டும் எட்டும் இடத்தில், பையின் வெளிப்பக்கம் அல்லது மார்பில் வையுங்கள். அதற்குத் தைக்கும் உறையில் எலாஸ்டிக்கும் சிவப்பு இழுவையும் இருக்கட்டும். எல்லோர் பையிலும் ஒரே இடத்தில் இருந்தால் இன்னொருவர் உங்களுக்குப் போட்டுவிட முடியும். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் இல்லாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். பயங்கரமாக வலிக்கும், அதற்காகத் தளர்த்தக் கூடாது. போட்ட நேரத்தை எழுதுங்கள். மலிவாக ஆன்லைனில் கிடைக்கும் போலிகளில் முறுக்கும் தண்டு வளையும், உடையும். இதில் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

ஓசையில்லாத ஷட்டரில் எடுத்தால் படத்தில் கோடு விழுகிறதே?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வையுங்கள். மட்டமான எல்.இ.டி.யில் அதுவும் கைவிடும். அங்கே இயந்திர ஷட்டர்தான்.

தென்மேற்குப் பருவத்தில் லென்ஸில் பூஞ்சை வருது. என்ன பண்றது?

பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் இது தவிர்க்க முடியாத தொல்லை. பையிலேயே வைத்துப் பூட்டுவதுதான் முதல் தப்பு. ஈரத் துணியும் ஃபோமும் பூஞ்சைக்கு வீடு. ரப்பர் ஓரம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே ஒரு ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதம் காட்டட்டும். பையைக் கவிழ்த்து, மூடியை விரித்து, நிழலில் காயவிடுங்கள்.

ஏர்போர்ட்டில் எதெல்லாம் மாட்டும்?

உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே போகலாம், முனைகளில் டேப் ஒட்டி. 100 வாட்-மணி வரை விமான நிறுவனத்தின் தனிச் சம்மதம் வேண்டியதில்லை; 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதத்தோடு இரண்டு. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றால் 74 வாட்-மணி. கிளம்பும்போதே சுங்கத்தில் கருவிகளின் வரிசை எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி வராது. பெரிய அளவில் சாமான் போனால் ஃபிக்கி தரும் ஏ.டி.ஏ. கார்னெட், அதாவது தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் சாமானுக்கான சுங்க ஆவணம். துராயா, இரிடியம் செயற்கைக்கோள் போன்களை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். வெளிநாட்டு நண்பர் "வைத்துக்கொள்" என்று கொடுத்தாலும் வாங்கி வராதீர்கள்.

தைத்து முடித்த சாம்பிளை எப்படிச் சோதிப்பது?

பத்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்து வாரில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். நாடா கொக்கியில் எவ்வளவு நழுவியது என்று சாக்பீஸ் கோடு போட்டு அளங்கள், ஒரு செ.மீ. தாண்டினால் கொக்கியை மாற்ற வேண்டும். பிறகு நிஜ எடையை ஏற்றி, மருதமலை அல்லது சென்னிமலைப் படிகளில் விடிகாலை ஏறி இறங்குங்கள். தொடையில் இடிக்கிறதா, தோளில் எங்கே சிவக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் இடது கையால் மட்டும் பேட்டரி மாற்றிப் பாருங்கள். தோட்டத்துக் குழாயில் ஐந்து நிமிடம் பீய்ச்சுங்கள். தண்ணீர் நுழைவது துணி வழியாக இருக்காது, தையல் துளை வழியாகத்தான். உள்பக்கத் தையல் மேல் சீம் டேப் (தையலை மூடும் ஒட்டுப்பட்டை) ஒட்டினால் நிற்கும்.

நிறையத் தைத்து விற்கப் போகிறீர்கள் என்றால் தையல் பலத்தையும் தேய்மானத்தையும் எண்ணாகத் தெரிந்துகொள்ளுங்கள். கோவையில் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) இருக்கிறது, நீலாம்பூரில் பி.எஸ்.ஜி.யின் தொழில்துறைத் துணிகளுக்கான மையம் இருக்கிறது.

வெளியூரில் பை கிழிந்தால்?

பைக்குள் ஒரு தீப்பெட்டி அளவு டப்பா வையுங்கள். இரண்டு கனத்த ஊசிகள்: ஒன்று நேர், ஒன்று வளைந்தது. டெக்ஸ் 90 நூல் ஐந்து மீட்டர். உதிரி ரன்னர் ஒன்று. பழைய பேனாவில் சுற்றிய காஃபர் டேப் (துணி ஒட்டுப்பட்டை) இரண்டு மீட்டர். அதுவே கேமராவின் பெயரெழுத்தை மறைக்கவும் ஆகும். வளைந்த ஊசி எதற்கென்றால், பையைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே நாடாவைத் தைக்க. பழைய துளைகளிலேயே ஊசியை விடாதீர்கள். பக்கத்தில் 3 மி.மீ. தள்ளிப் புதுத் துளை போட்டு, போன வழியிலேயே ஒரு முறை திரும்பி வந்து முடிச்சிடுங்கள்.